கொடுத்தவர் கையும் கொண்டவர் கடனும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவு விழாவில் நிகழ்த்தப்பெற்ற உரை)



தமிழில் உள்ள நூல்கள் யாவும் எழுதப்பட்டவை அல்ல. கேட்டு எழுதிக்கொள்ளப்பட்டவையும் பல. தாலாட்டு, ஒப்பாரி, நடவுப் பாட்டு, கதைப்பாடல், விடுகதை, பழமொழி, கைமருத்துவக் குறிப்பு, குலதெய்வக் கதை என அச்சேறிய தொகுதிகள் ஒவ்வொன்றின் பின்னும் யாரோ ஒருவர் திண்ணையிலோ வரப்பிலோ அமர்ந்து வாய்திறந்து சொல்லியிருக்கிறார். கேட்டவர் பெயர் நூலின் முகப்பில் நிற்கிறது. சொன்னவர் பெயரோ பெரும்பாலும் நிற்பதில்லை. 'தகவலாளி' என்ற பொதுச்சொல்லுக்குள் மறைந்துபோகிறது. அந்தத் தகவலாளிக்கு ஆய்வாளர் பட்டிருக்கும் கடன் யாது என்பதே இவ்வுரையின் பொருள்.

இம்முயற்சிக்குத் தமிழ் ஆய்வுலகம் இட்ட பெயர் 'கள ஆய்வு'. பொருத்தமான பெயர்தான், ஆயினும் களம் ஒன்றன்று. போர்க்களமும் களம், நெற்களமும் களம். போர்க்களத்தில் வென்றவர் அள்ளிச் செல்வது கொள்ளை. நெற்களத்தில் பொலி தூற்றி முடிந்ததும், நெல் வீடு போய்ச் சேருமுன் அறுத்தவர்க்கும் அடித்தவர்க்கும் ஊர்த் தொழிலாளர்க்கும் அளக்க வேண்டியது அளக்கப்படும். அப்பங்கீட்டில் சாதியின் ஏற்றத்தாழ்வு இருந்தது. குறைத்து அளந்த கைகளும் இருந்தன. எனினும், உழைத்தவரை வெறுங்கையோடு அனுப்புவது தகாது என்ற எண்ணம் அக்களத்தில் இருந்தது. ஆய்வாளர் இறங்கும் களம் இவ்விரண்டில் எது?

இவ்வினாவைத் தென்னிந்திய மக்கள் நூறாண்டுகளுக்கு முன்னரே வேறு வடிவில் எழுப்பிவிட்டனர். எட்கர் தர்ஸ்டன் 1885 முதல் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராகப் பணியாற்றியவர். கே. ரங்காச்சாரியின் துணையுடன் தென்னிந்தியக் குலங்களையும் குடிகளையும் பற்றி 1909இல் அவர் வெளியிட்ட ஏழு தொகுதிகள் இன்றும் ஆய்வாளர் மேசையில் இருப்பவை. ஊர் ஊராகச் சென்று மக்களின் தலையையும் மூக்கையும் உயரத்தையும் அவர் கருவிகொண்டு அளந்தார். அப்போது நேர்ந்தவற்றைத் தம் முன்னுரையில் சுவைபடச் சொல்கிறார். வயநாட்டுப் பணியப் பெண்கள், தம்முள் சிறந்த சிலரைப் பிடித்துப் பாடம் செய்து சென்னை அருங்காட்சியகத்தில் நிறுத்தப் போகிறார் எனக் கருதினராம். பழைய சிறு குற்றமொன்றுக்காகக் காவலர் தேடிவந்த நீலகிரி இருளர் ஒருவர், உயரம் அளக்கும் கருவியைத் தூக்குமரம் என்று எண்ணி அளவுக்கு உடன்பட மறுத்துவிட்டாராம்.

தர்ஸ்டன் இவற்றை நகைச்சுவையாகவே எழுதினார். படித்தவர்களும் நகைத்திருக்கக் கூடும். ஆனால் அந்த அச்சங்களுக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. பணியப் பெண்களின் கேள்வி, 'எம்மிடமிருந்து எடுத்துச் செல்வது எங்கே போய்ச் சேரும்?' என்பது. இருளரின் கேள்வி, 'மறுத்தால் என்ன ஆகும்?' என்பது. ஆய்வு அறம் என்ற பெயரில் பின்னர் உலகெங்கும் எழுதப்பட்ட விதிகளில் பெரும்பகுதி இவ்விரு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகளே.

பணியப் பெண்களின் அச்சம் அறியாமை என்று தள்ளத்தக்கதன்று. தர்ஸ்டனின் நூல் வெளிவருவதற்குப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன், 1897இல், துருவப் பயணி ராபர்ட் பியரி கிரீன்லாந்திலிருந்து இனுவிட் மக்கள் அறுவரை நியூயார்க் நகரின் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்துக்கு அழைத்து வந்தார். ஆய்வுக்கென வந்த அவர்களுள் நால்வர் விரைவிலேயே நோயுற்று மாண்டனர். மாண்டவர்களுள் ஒருவர் கிஸுக். உடன் வந்த அவருடைய சிறுவயது மகன் மினிக்கின் கண்முன்னே, மரக்கட்டை ஒன்றைப் போர்த்திப் பிணம்போல் காட்டி அடக்கச் சடங்கு நடத்தினர். கிஸுக்கின் எலும்புகளோ அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் சேர்ந்தன. இவ்வுண்மையைப் பின்னாளில் அறிந்த மினிக், தந்தையின் எலும்புகளைக் கேட்டும் பெற முடியாமல் 1918இல் இறந்தார். நால்வரின் எலும்புகளும் சொந்த மண்ணுக்குத் திரும்பி அடக்கம் செய்யப்பட்டது 1993இல். வயநாட்டுப் பெண்கள் அஞ்சியது நடக்கக்கூடியதே. வேறோர் ஊரில் நடந்தும் இருந்தது.

இருளரின் கேள்விக்கு, அதாவது மறுக்கும் உரிமை பற்றிய கேள்விக்கு, இருபதாம் நூற்றாண்டு கண்ட மிகக் கொடிய விடை அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் கிடைத்தது. அங்கே மேக்கன் மாவட்டத்தில், டஸ்கீகி என்னும் ஊரை நடுவாகக் கொண்டு, 1932இல் அந்நாட்டுப் பொதுச் சுகாதாரத் துறை ஓர் ஆய்வைத் தொடங்கியது. ஆய்வுக்கு உட்பட்டவர்கள் 600 கறுப்பின ஆண்கள். பெரும்பாலோர் ஏழை உழவர்கள். அவர்களுள் 399 பேருக்கு மேகநோய் இருந்தது. 201 பேருக்கு இல்லை. நோயின் பெயர் அவர்களுக்குச் சொல்லப்படவில்லை. 'கெட்ட இரத்தம்' என்று மட்டும் சொல்லப்பட்டது. சிகிச்சை அளிக்காமல் விட்டால் நோய் உடலை எவ்வாறு அழிக்கிறது என்று பார்ப்பதே ஆய்வின் நோக்கம். 1940களில் பெனிசிலின் அந்நோய்க்கு உரிய மருந்தாக நிலைபெற்ற பின்னரும் அது அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 1972இல் செய்தித்தாள்கள் வெளிப்படுத்தும்வரை, நாற்பது ஆண்டுகள் இவ்வாய்வு நடந்தது.

இங்கே கருதத்தக்கது ஒன்று உண்டு. அம்மனிதர்களை யாரும் கட்டி இழுத்துச் செல்லவில்லை. வண்டி அனுப்பினர், உணவளித்தனர், இறந்தால் அடக்கச் செலவைத் தருவதாகச் சொன்னார்கள். உள்ளூரில் அனைவரும் மதித்த செவிலி ஒருவர் வீடு வீடாகச் சென்று நலம் விசாரித்தார். அன்பும் பழக்கமும் நம்பிக்கையுமே அவர்களைக் கட்டிய கயிறுகள். கள ஆய்வுக் கையேடுகள் 'தகவலாளியின் நம்பிக்கையைப் பெறுக' என்று முதற்பாடமாகச் சொல்கின்றன. பெற்ற நம்பிக்கையை என்ன செய்வது என்ற இரண்டாம் பாடம் இல்லாவிட்டால், முதற்பாடமே தீங்கின் வாயிலாகிவிடும் என்பதை டஸ்கீகி காட்டுகிறது.

அந்த வெளிப்பாட்டின் விளைவாக அமெரிக்காவில் 1974இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அச்சட்டத்தின்வழி அமைந்த குழு 1979இல் பெல்மாண்ட் அறிக்கை எனப்படும் ஆவணத்தை அளித்தது. ஆளை மதித்தல், நன்மை புரிதல், நீதி என்னும் மூன்று அறங்களை அது நிறுத்தியது. ஆளை மதித்தலாவது, அறிந்து உடன்படவும் மறுக்கவும் ஒருவருக்குள்ள உரிமையை ஏற்பது. நன்மை புரிதலாவது, தீங்கைக் குறைத்து நலத்தைப் பெருக்குவது. நீதியாவது, ஆய்வின் சுமை ஒருவர் தலையிலும் பயன் மற்றொருவர் மடியிலும் விழாமல் காப்பது. 1997 மே மாதத்தில் குடியரசுத் தலைவர் கிளிண்டன் உயிரோடு எஞ்சியிருந்த சிலரிடம் நாட்டின் சார்பில் மன்னிப்புக் கேட்டார்.

விதிகள் வந்துவிட்டன, கையெழுத்துப் படிவங்களும் வந்துவிட்டன. இனித் தீங்கு நேராது என்று ஆய்வுலகம் ஆறுதல் கொண்டது. அந்த ஆறுதலைக் கலைத்தது ஹவசுபாய் மக்களின் வழக்கு. இந்நூற்றாண்டில் களம் புகும் எவரும் அறிந்திருக்க வேண்டிய வழக்கு அது.

ஹவசுபாய் என்பதற்கு நீலப்பச்சை நீரின் மக்கள் என்று பொருள். அரிசோனா மாநிலத்தில், கிராண்ட் கேன்யன் என்னும் பெரும் பள்ளத்தாக்கின் ஆழத்தில், வண்டி செல்ல வழியில்லாத சிற்றூரில் வாழும் சிறு குடியினர். ஏறத்தாழ 650 பேர். அவர்களிடையே நீரிழிவு நோய் பெருகிவந்தது. அதன் காரணம் அறிய விரும்பி, நெடுநாள் பழகிய மானிடவியலாளர் ஒருவரின் உதவியை அவர்களே நாடினர். அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1990 முதல் 1994 வரை ஏறத்தாழ 200 பேரிடம் இரத்தம் பெற்றுச் சென்றனர். கொடுத்தவர்கள் படிவத்தில் கையெழுத்திட்டே கொடுத்தனர்.

2003இல் அக்குடியைச் சேர்ந்த பெண்ணொருவர் அப்பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்ட ஆய்வுரை ஒன்றைக் கேட்க நேர்ந்தது. பேசப்பட்டது தம் மக்களின் இரத்தம் பற்றி. ஆனால் நீரிழிவு பற்றியன்று. அவர் எழுந்து, இதற்கு யார் அனுமதி தந்தது என்று கேட்டார். பின்னர் விசாரித்தபோது, அந்த இரத்தம் மனச்சிதைவு நோய் பற்றியும், நெருங்கிய உறவுக்குள் மணத்தல் பற்றியும், அம்மக்கள் எங்கிருந்து குடிபெயர்ந்து வந்தனர் என்பது பற்றியும் நடந்த ஆய்வுகளுக்குப் பயன்பட்டது தெரியவந்தது. அந்தப் பள்ளத்தாக்கே தம் பிறப்பிடம், அதைக் காப்பதே தம் கடமை என்பது ஹவசுபாய் மக்களின் தொல்கதை. அதை மறுக்கும் சான்றாகத் தம் இரத்தமே நின்றது என அறிந்தபோது அவர்கள் அடைந்த துயரம், பழங்கதையைப் போற்றும் எவர்க்கும் விளங்கும். குடியினர் வழக்குத் தொடுத்தனர். 2010 ஏப்ரலில் பல்கலைக்கழகம் உடன்பாட்டுக்கு வந்தது. 41 பேருக்கு ஏழு லட்சம் டாலர் வழங்கவும், எஞ்சியிருந்த இரத்தத்தைத் திருப்பித் தரவும் இசைந்தது. மாண்டோரின் இரத்தம் குளிர்பெட்டியில் கிடந்ததை எண்ணி வருந்தியவர்கள், நேரில் சென்று அதைப் பெற்று ஊர் மீண்டனர்.

ஆய்வாளர் தரப்புக்கும் ஒரு வாதம் இருந்தது. படிவத்தில் நீரிழிவு என்ற சொல் மட்டும் இல்லை. நடத்தை, மருத்துவக் கோளாறுகளின் காரணங்களை ஆராய்தல் என்னும் விரிந்த தொடரே இருந்தது. அத்தொடருக்குள் மனச்சிதைவும் அடங்கும் என்பது அவ்வாதம். எழுத்தளவில் அது பொய்யன்று. ஆனால் ஆங்கிலம் பலருக்கு இரண்டாம் மொழியாக இருந்த ஊரில், நீரிழிவைப் பற்றிப் பேசிவிட்டு நீட்டப்பட்ட தாளில், அத்தொடரை அம்மக்கள் எப்படிப் படித்திருப்பர்? சொல்லின் பொருளை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட இலக்கிய அன்பர்களுக்கு இது நன்கு விளங்கும். சொன்னவர் கருதிய பொருளும் கேட்டவர் கொண்ட பொருளும் ஒன்றானால்தான் அது ஒப்புதல். இல்லையேல் அது கையெழுத்து மட்டுமே.

ஆகவே பணியப் பெண்களின் கேள்வி இன்னும் கூர்மையடைகிறது. ஒப்புதல் ஒரு நோக்கத்துக்காகக் கொடுக்கப்படுவது. நோக்கம் மாறினால் ஒப்புதலை மீண்டும் கேட்க வேண்டும். அறிவு உலகப் பொதுச்சொத்து, அதற்கு எல்லை கட்டலாமா என்று கேட்பவர் உண்டு. அறிவு பொதுவாகட்டும்; அதற்கு ஆகும் விலையை மட்டும் ஏன் எளியோர் சிலரே கொடுக்க வேண்டும் என்பதே அவர்களை நோக்கிய எதிர்க்கேள்வி.

இத்தகைய கதைகள் கடல் கடந்த நாடுகளுக்கே உரியவை என்று எண்ணுவதற்கில்லை. பொதிகை என்று தமிழ் போற்றும் அகத்தியர் மலைத்தொடரில், கேரளத்திலும் தமிழகத்தின் திருநெல்வேலி, கன்னியாகுமரி மாவட்டங்களிலும் காணியர் வாழ்கின்றனர். 1987இல் அம்மலைக்குச் சென்ற அறிவியலாளர் குழு ஒன்று ஏற்றத்தில் களைத்தபோது, வழிகாட்டிய காணியர் சிறு பழமொன்றை மென்று களைப்பின்றி நடப்பதைக் கண்டது. கேட்டதும் அவர்கள் சொல்லிவிடவில்லை; மிகவும் வற்புறுத்திய பின்னரே ஆரோக்கியப் பச்சை என்னும் செடியைக் காட்டினர். அச்செடியைக்கொண்டு திருவனந்தபுரத்தை அடுத்த வெப்பமண்டலத் தாவரவியல் ஆய்வு நிலையம் 'ஜீவனி' என்னும் மருந்தை உருவாக்கியது. 1995இல் கோயம்புத்தூர் ஆரிய வைத்திய பார்மசி பத்து லட்சம் ரூபாயும் விற்பனையில் இரண்டு விழுக்காடும் தர ஒப்பி உற்பத்தி உரிமை பெற்றது. வந்த தொகையில் பாதி காணியர்க்கு என்று நிலையம் முடிவு செய்தது. அதைப் பெறக் கேரளக் காணியர்க்கென ஓர் அறக்கட்டளை 1997இல் பதிவு செய்யப்பட்டது.

மரபறிவு தந்தவர்களோடு பயனைப் பகிர்ந்த முன்னோடி முயற்சி என்று உலகம் இதைப் பாராட்டியது. பாராட்டு தகும், நெற்களத்தின் அறம் இங்கே செயல்பட்டது. ஆயினும் மூன்றாவது கேள்வி ஒன்றை இந்நிகழ்ச்சி எழுப்பியது: 'கொடுப்பதற்கு உரியவர் யார்?' செடியைக் காட்டியவர்கள் வழிகாட்டச் சென்ற சிலர். அறிவோ ஒரு குடி முழுவதற்கும் உரியது. மருத்துவ மரபைக் காத்துவந்த பிலாத்திகள் சிலர், தம் அறிவு தனியார் வணிகத்துக்குப் போவதை ஏற்கவில்லை. மலையின் இப்புறம் வாழும் காணியரின் மூதாதையரும் அதே காட்டில் நடந்தவர்களே. அறக்கட்டளையோ அப்புறத்துக்கு உரியது. தனியொருவரின் தலையசைப்பு ஒரு சமூகத்தின் ஒப்புதல் ஆகாது என்பது இதனால் பெறப்படும்.

ஆய்வு செய்யப்பட்டோரே எழுந்து விதி எழுதிய நிகழ்ச்சியும் உண்டு. தென்னாப்பிரிக்கப் பகுதியில் வாழும் சான் மக்கள் உலகில் மிகுதியாக ஆராயப்பட்ட தொல்குடிகளுள் ஒருவர். 2010இல் நமீபியாவைச் சேர்ந்த சான் ஆடவர் நால்வரின் மரபணுத் தகவல் வெளியிடப்பட்டபோது, தம் சமூக அமைப்புகளைக் கேளாமல் நடந்ததென்றும், எழுதப்பட்ட முறை தம்மை இழிவுசெய்ததென்றும் சான் தலைவர்கள் வருந்தினர். 2017இல் தென்னாப்பிரிக்கச் சான் மக்கள் தம்மை ஆராய வருவோர்க்கான அறநெறியைத் தாமே வெளியிட்டனர். மரியாதை, நேர்மை, நீதி, அக்கறை என்பன அதன் தூண்கள். புரியும் மொழியில் விளக்குதல், ஆய்வின் தொடக்கம் முதல் வெளியீடு வரை சமூகத்தோடு கலந்து நடத்தல், சொன்ன வாக்கைக் காத்தல் ஆகியவற்றை அது வேண்டுகிறது. அரிய தத்துவம் ஒன்றும் அதில் இல்லை. ஒரு வீட்டுக்கு விருந்தாகச் செல்பவர் அறிந்திருக்க வேண்டிய ஒழுக்கமே இருக்கிறது.

இம்மாற்றத்தின் அடையாளம் சொற்களிலும் தெரிகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2000இல் வெளியிட்ட அறநெறிக் கையேட்டின் தலைப்பு, ஆய்வுக்கு உட்படுத்தப்படும் மனிதர் என்ற பொருள் தந்தது. 2006இல் வந்த கையேட்டின் தலைப்பில் அச்சொல் நீங்கிப் பங்கேற்போர் என்ற சொல் அமர்ந்தது. தமிழாய்வில் வழங்கும் 'தகவலாளி' என்னும் சொல்லும் எண்ணிப் பார்க்கத்தக்கது. தகவல் இருக்கும் பெட்டியைக் குறிப்பதுபோல் அது ஒலிக்கிறது. மனம், மானம், மறதி, மறுப்பு உடைய ஓர் ஆளை அது நினைவூட்டுவதில்லை.

தமிழ் நாட்டாரியலில் நல்ல முன்மாதிரி இல்லாமலில்லை. பேராசிரியர் நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' நூலைப் புரட்டினால், பல பாடல்களின் அடியில் உதவியவர் பெயர், சேகரித்தவர் பெயர், இடத்தின் பெயர் என மூன்றும் அச்சிடப்பட்டிருக்கக் காணலாம். சிறு எழுத்துதான், ஆனால் பெயர் தெரியாத மக்கள் பாடியது என்ற பொதுப்பேச்சை அது மாற்றிவிடுகிறது. பாடலுக்கு ஒரு வாய் உண்டு, அவ்வாய்க்கு ஓர் ஊர் உண்டு, பெயர் உண்டு என்று அது சான்று கூறுகிறது.

எனினும் பெயரைப் போடுவதே எப்போதும் அறமாகிவிடாது. கணவன் வீட்டுக் கொடுமையை ஒப்பாரியில் வைத்துப் பாடும் பெண்ணின் பெயரும் ஊரும் அச்சில் வந்தால், அவர் அவ்வீட்டிலேயே தொடர்ந்து வாழ வேண்டியவர் என்பதை மறக்கலாகாது. ஊரில் மேல்சாதியார் இழைத்த கொடுமையைச் சொல்லும் முதியவரின் நிலையும் அதுவே. ஆய்வாளர் பேருந்து ஏறிவிடுவார். சொன்னவர் அங்கேயே இருப்பார். பெயர் இடுவதா, மறைப்பதா என்பதை முடிவு செய்ய வேண்டியவர் பெயருக்கு உரியவரே. கேட்டறியாமல் பெயரை மறைப்பது அவருக்கு உரிய புகழைக் கவர்வது. கேட்டறியாமல் வெளியிடுவது அவருடைய நிம்மதியைக் கவர்வது.

ஒலிநாடாக் காலத்தில் பதிவு ஆய்வாளரின் அலமாரியில் தூங்கியது. கைப்பேசிக் காலத்தில் அது ஒரு நொடியில் உலகைச் சுற்றிவிடுகிறது. சாமியாடியின் அருள்வாக்கும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் புலம்பலும் அவர்கள் அறியாமலே யாரோ பார்த்துப் பொழுதுபோக்கும் காட்சிகளாகின்றன. அன்று கேட்கப்பட்ட கேள்விகள் இன்று மேலும் அவசரமாகிவிட்டன.

ஆகவே களம் புகும் இளைஞர்கள் கைக்கொள்ளத்தக்கவை சில. எதற்காகக் கேட்கிறோம், எங்கே வெளியாகும், அதனால் யாருக்குப் பயன் என்பதைச் சொன்ன பிறகே கேட்பது. வேண்டாம் என்றால் முகம் சுளிக்காமல் எழுந்து வருவது; பாதியில் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்துவது. ஊர்த்தலைவரின் அனுமதியைப் பாடுபவரின் அனுமதியாகவோ, ஒருவரின் இசைவை ஊரின் இசைவாகவோ கொள்ளாதிருப்பது. ஒரு நாள் கூலியை விட்டு வந்து பேசுபவர்க்கு அக்கூலியை ஈடுசெய்வது. எழுதியதை அச்சுக்கு முன் அவர்களுக்குப் படித்துக் காட்டுவது. நீக்கச் சொன்னதை நீக்குவது. ஒரு காரியத்துக்கு வாங்கியதை வேறொன்றுக்குப் பயன்படுத்த நேர்ந்தால் மீண்டும் அந்தப் படியேறிக் கேட்பது. இவற்றால் சில பாடல்கள் கிடைக்காமல் போகலாம். சில கட்டுரைகள் சுருங்கலாம். அந்த இழப்பு பொறுக்கத்தக்கது. ஏமாற்றப்பட்ட ஊர் அடுத்து வரும் ஆய்வாளருக்கும் கதவைச் சாத்திவிடும், அவ்விழப்புக்கு ஈடில்லை.

நெற்களத்தில் அளக்கும் கருவிக்குப் படி என்று பெயர். அச்சான நூலின் பிரதிக்கும் படி என்றே பெயர். தொகுப்பு நூல் வெளிவந்ததும் அதன் படிகள் நூலகத்துக்கும் மதிப்புரைக்கும் அறிஞர் பெருமக்களுக்கும் அனுப்பப்படுகின்றன. அவற்றுக்கு முன்பாக ஒரு படி, பாடிய அம்மையாரின் வீட்டுக்குப் போய்ச் சேரட்டும். அவர் படிக்கத் தெரியாதவராக இருக்கலாம். பேத்தி படித்துக் காட்டுவாள்.